சின்ன பார்சல்தான் ஆன்ட்டி

இன்று காலை ஆறே முக்காலுக்கு ஒரு போன். தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மாள். பயணமெல்லாம் சௌகரியமா, உடம்பு பரவாயில்லையா என்ற விசாரிப்பு எதுவும் கிடையாது. "சாக்லேட்டெல்லாம் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குதே, ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அவருடைய மகன் சன்னிவேலில் என் மகளுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அவ்வளவுதான் உறவு. அந்த சாக்லேட் பெட்டியை சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூரிலிருந்து திருச்சி என்று பசிபிக் சமுத்திரம் தாண்டிச் சுமந்து வந்தது நான். வந்து இறங்கிய இடம் மே மாதத்துத் திருச்சி. ரோட்டில் போட்ட தாரே இளகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில் சாக்லேட் மட்டும் விறைப்பாக நிற்குமா? இதையெல்லாம் நான் கேட்கவில்லை. "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் நல்ல நல்ல பதில்களாக வருகின்றன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

உண்மையில் எங்கள் காலனி ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டிருப்பது வேறு. "அமெரிக்கா போய்ட்டு வந்திருக்கீங்க டீச்சர், அங்க வானத்தைத் தொடுற மாதிரி மரமெல்லாம் இருக்காமே, அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். எழுதுகிறேன். மரத்துக்கு வருகிறேன். வழியில் சில பெட்டிகள் கிடக்கின்றன, நகர்த்திவிட்டு வருகிறேன்.

பிள்ளைகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிவிட்டுத் திரும்பியவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. டிக்கெட்டில் உள்ள தேதி வெளியே தெரிகிறவரைக்கும் நாம் அம்மா, மாமியார், பாட்டி. தெரிந்துவிட்டால் நாம் 46 கிலோ. என் வீட்டுக்காரரையும் சேர்த்தால் 92. தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று விமானக் கம்பெனி கொடுத்ததை, எங்களுக்காகத்தான் கொடுத்தார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

தேதியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். "அம்மா, பார்க்ல யார் கேட்டாலும் இன்னும் முடிவு பண்ணலன்னு சொல்லிடு." சொல்வது எளிது. சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சபையில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எப்போது வந்தீர்கள், எப்போது போகிறீர்கள்? குண்டூர்க்காரரோ ராஜ்கோட்டுக்காரரோ விழுப்புரத்துக்காரரோ, நம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் கேட்டுவிடுவார்கள். எல்லோரும் ஆறு மாத அனுமதியில் வருகிறவர்கள்தானே, வந்த தேதியைச் சொன்னாலே போதும், போகிற தேதியை விரல்விட்டு எண்ணிவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு தெலுங்குக்காரரிடம் "மே மாசம் வாக்குல" என்று பொதுப்படையாகத்தான் சொன்னாராம். மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் போனுக்கு முதல் விண்ணப்பம் வந்துவிட்டது.

அத்தனை மாதத்தில் எந்த வீட்டிலிருந்தும் ஒரு வாய்க் காபிக்குக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் வேலை, மீட்டிங், பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு. நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடைசி நாட்களில் பாருங்கள், மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. எல்லா வீட்டிலும் பனீர். சாப்பிட்டு முடித்து, "நல்லா இருந்ததும்மா, வரட்டுமா" என்று எழுந்திருக்கும்போது சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பை வெளியே வரும்.

"சின்ன பார்சல்தான் ஆன்ட்டி."

தராசில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன், சின்ன பார்சல் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வந்ததே கிடையாது. "வெயிட்டே இருக்காது ஆன்ட்டி" என்றால் மூன்று கிலோ. "வெறும் துணிதான்" என்றால் துணிக்குள்ளே ஒரு காபி மெஷின் தூங்குகிறது. "இடமே அடைக்காது, ஓரமா சொருகிடலாம்" என்று ஒரு பையன் கொண்டுவந்தது பேஸ்பால் மட்டை. தென்காசியில் இருக்கும் தம்பிக்காம். தென்காசியில் யார் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்று நான் கேட்டேன். "சும்மா வச்சுக்கட்டும் ஆன்ட்டி" என்றான். சும்மா வைத்துக்கொள்ள ஒரு மட்டை, அதுவும் எந்தப் பெட்டியிலும் நேராகப் படுக்காத மட்டை. எல்லாவற்றிலும் அபாயமானவர்கள் "உங்களுக்கு இடம் இருந்தா மட்டும்" என்கிறவர்கள். சொல்லிக்கொண்டே பையை நம் காலடியில் வைத்துவிடுவார்கள். இடம் இல்லை என்று சொல்லப் போனால், சற்றுமுன் சாப்பிட்ட பனீர் தொண்டைக்கு வந்து வாயை அடைத்துவிடும்.

அப்புறம் பூகோளம். ட்ரேசியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "நீங்க திருச்சிதானே ஆன்ட்டி? எங்க மாமியார் ஈரோடு. பக்கம்தான்." திருச்சிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் கரூர் என்று ஓர் ஊர் முழுசாக இருக்கிறது, ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். இந்தப் பெண் ட்ரேசியிலிருந்து அரைமணி தூரத்தில் இருக்கும் லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்கே வருஷத்துக்கு ஒரு தரம்தான் போகிறாளாம். கேட்டால் தூரமாம். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தமிழ்நாடு மொத்தமும் ஒரே தெரு. தஞ்சாவூர் எதிர் வீடு, புதுக்கோட்டை பக்கத்து வீடு, தென்காசி தெருமுனை. நான் சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எல்லா வாசலிலும் கொடுத்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

உள்ளே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், என் ஆத்திரம் தீர வேண்டாமா? மல்டிவிட்டமின் மாத்திரை, அதுவும் ஒரு பள்ளிக்கூடத்துக்கே கொடுக்கலாம் என்கிற அளவு டப்பா. முட்டிவலிக்குக் குளுக்கோசமைன். சுத்த சைவமான ஒரு பெரியவருக்கு மீன் எண்ணெய் மாத்திரை. டப்பாவில் இருந்த மீன் படத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் 'ஹார்ட்' என்று எழுதியிருந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தில் வால் மட்டும் எட்டிப் பார்த்தது. கல்யாணத்துக்குக் கோட்டு சூட்டு, "மடிக்கக் கூடாது ஆன்ட்டி." நடப்பதற்கு ஷூ, அட்டைப்பெட்டியோடு. பெட்டியை எடுத்துவிட்டு ஷூவுக்குள் சாக்ஸைத் திணித்துக் கொண்டுபோகலாமா என்றால், முகம் சுருங்குகிறது. "கிஃப்ட் ஆன்ட்டி, பெட்டி இருந்தாத்தான் நல்லா இருக்கும்." நான் இருபத்தைந்து வருஷம் ஏழாம் வகுப்பு எடுத்தவள். இந்தப் பெண்கள் என் வகுப்பில் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அங்கே, "சரிம்மா" என்றேன்.

பாதாமைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் விளைகிற பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது. சன்னிவேலிலிருந்து கிழக்கே மலையைத் தாண்டிப் போனால் பள்ளத்தாக்கு முழுக்கப் பாதாம் தோப்புதான். பிப்ரவரியில் பூக்கிறது. அந்தப் பூவுக்கெல்லாம் உள்ளூர்த் தேனீ காணாமல், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தேனீப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். (அந்த லாரிக்காரர்களிடம் யாராவது சின்ன பார்சல் கொடுத்தனுப்புவார்களா, தெரியவில்லை.) இவ்வளவு பாதாமையும் வெளிநாட்டில் அதிகமாக வாங்கிக்கொள்வது யார்? நாம்தான். ஓட்டோடு கன்டெய்னர் கன்டெய்னராகக் கப்பலில் வந்து இறங்கி, இங்கே உடைத்து, தரம் பிரித்து, சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கும் எங்கள் காந்தி மார்க்கெட் பக்கத்து மளிகைக் கடைகளுக்கும் மூட்டையாக வந்து சேர்கிறது. அதாவது, அந்தப் பாதாமுக்கு இந்தியாவுக்கு வழி தெரியும். வருஷா வருஷம் தானாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டியதில்லை.

ஆனால் கூட்டி வந்தேன். காஸ்ட்கோவில் கிர்க்லாண்ட் பெயர் போட்டு விற்கிற மூன்று பவுண்டு பை, நம் கணக்கில் ஒரு கிலோ 360 கிராம். எந்தப் பார்சலைத் திறந்தாலும் அது ஒன்று அடியில் படுத்திருக்கும். ஒரே தோப்பு, ஒரே கொட்டை என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல ஆன்ட்டி, இங்க உள்ளது டேஸ்ட்டே வேற" என்கிறார்கள். ருசி வேறாகத்தான் இருக்கும். அதில் என் முதுகுவலி கலந்திருக்கிறதே.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. 1991க்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் தெருவே போய் நிற்கும். ஒரு சென்ட் பாட்டில், ஒரு நைலக்ஸ் புடவை, ஒரு டேப் ரிக்கார்டர். நமக்கு ஒரு சோப்பு கிடைத்தால் அதைக் குளிக்க எடுக்கமாட்டோம், பீரோவில் புடவைக்கு நடுவே வைத்து வருஷக்கணக்கில் மோந்து பார்ப்போம். வெளியிலிருந்து வர ஆள் இல்லாதவர்கள் சென்னை பாரிமுனைக்குப் போய், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட பர்மா பஜார் கடைகளில் பேரம் பேச வேண்டும். இப்போது அப்படியா? எனக்கு வந்த பட்டியலில் இருந்த முக்கால்வாசிச் சாமான்கள் போனில் தட்டினால் மறுநாள் தில்லைநகர் வாசலில் வந்து விழும். மாப்பிள்ளை உட்கார்ந்து கணக்கே போட்டுக் காட்டினார், ஒரு லோஷன் இந்தியாவில் விலை குறைவாகவே இருந்தது. "அப்ப எதுக்கு அத்தை இதெல்லாம் இங்கேருந்து தூக்கிட்டுப் போறாங்க?" என்றார். பாவம், இஞ்சினியர்.

நீ மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எதிர் வீட்டுக்கு, மாடி வீட்டுக்கு, பூக்காரிக்கு, என்னோடு வேலை பார்த்த டீச்சர்களுக்கு என்று எனக்கும் ஒரு பட்டியல் இருந்தது. டாலர் ட்ரீ கடையில் கூடையை மாட்டிக்கொண்டு நான் நின்ற நேரத்தில் ஒரு பட்டம் வாங்கியிருக்கலாம். பேர்தான் டாலர் கடை. 2021 கடைசியிலேயே ஒன்றேகால் டாலர் ஆக்கிவிட்டார்கள், இப்போது அதற்கும் மேலே விலை போட்ட அலமாரிகள் வந்துவிட்டன. விலையைப் பார்த்ததும் 'இதுக்கு நம்ம ஊர்ல எவ்வளவு' என்று மனசுக்குள் ரூபாயில் பெருக்குவதும், பெருக்கிய கையோடு அதைக் கூடையில் போடுவதும் ஒரே மூச்சில் நடக்கும்.

அது போக, டப்பாக்கள். மகள் வீட்டில் ஐஸ்கிரீம் வருகிறது பாருங்கள், திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடி கணக்காக உள்ளே இருப்பது தெரியும். அதைக் கழுவாமல்கூட மறுசுழற்சித் தொட்டியில் எறிகிறாள். நான் ராத்திரி செருப்பைப் போட்டுக்கொண்டு போய் எடுத்து வந்துவிடுவேன். "அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க கேமரா வச்சிருக்காங்க" என்றாள். வைத்துக்கொள்ளட்டும். நம் வீட்டு டப்பாவை நாம் எடுக்கிறோம். இப்போது என் சமையலறையில் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எடை ஒன்றும் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் இடத்தை வைத்து ஆட்சேபித்தார். அவர் பேச்சுக்கு இப்போது வருகிறேன்.

அவர் பெல் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டன் கணக்கில் இரும்பை எடை போட்டு வெளியூர் அனுப்பிய கை. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் இருந்தது. கடைசி நாட்களில் நாலு பெட்டி கிடைத்ததும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஒரு நோட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி அ, பெட்டி ஆ, பெட்டி இ, பெட்டி ஈ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், வரவு ஒரு பத்தி, வெளியேற்றம் ஒரு பத்தி.

முதலில் குளியலறைத் தராசில் நடந்தது. பெட்டியைத் தராசில் வைத்தால் எண் தெரிகிற இடத்தைப் பெட்டியே மூடிக்கொள்கிறது. ஆகவே இவர் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நிற்க வேண்டும், பேரன் தரையில் குப்புறப் படுத்துக் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், நான் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம் அதிலிருந்து இவருடைய எடையைக் கழிக்க வேண்டும். "தாத்தா, ஆடாத!" என்று அவன் கத்துவான். "நான் ஆடலடா, மூச்சு விடுறேன்" என்பார். இதில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. தினம் ஒரு வீட்டில் விருந்து சாப்பிட்டதால் கழிக்க வேண்டிய எண் நிலையாக இல்லை. ராத்திரி பெட்டி ஆ அரைக் கிலோ ஏறியிருந்தது, யார் திறந்தது என்று வீட்டில் விசாரணையே நடந்தது. ஏறியிருந்தது பெட்டி இல்லை.

பிறகு மாப்பிள்ளை கொக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கும் கைத்தராசு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது பவுண்டு காட்டும், பொத்தானை அமுக்கினால் கிலோ காட்டும். இங்கேதான் கொள்கைப் பிரச்சினை. அமெரிக்காவில் எல்லோரும் 50 பவுண்டு என்கிறார்கள். நம் டிக்கெட்டில் 23 கிலோ என்று இருக்கிறது. 23 கிலோ என்பது 50.7 பவுண்டு. அந்த .7 தம்முடைய உரிமை என்பது இவர் கட்சி. கிட்டத்தட்ட 320 கிராம், நாலு பெட்டிக்கு ஒன்றேகால் கிலோ! அதை விட்டுக்கொடுப்பதா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், கூடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பெட்டி இ-யிலிருந்து இரண்டு சோப்பை எடுத்துப் பெட்டி ஈ-யில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னங்க, படுக்க வாங்க." "இரு, இன்னும் நாப்பது கிராம் இடம் இருக்கு." நாற்பது கிராமுக்கு என்ன வைக்க முடியும்? பூக்காரிக்கு வாங்கிய ஹேர் கிளிப் ஒரு அட்டை வைத்தார். சரியாக இருந்தது. அந்த முகத்தில் இருந்த திருப்தியைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் மகளுக்குச் செய்து வைத்துவிட்டு வர வேண்டியது வேறு. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளிக்காய்ச்சல், ஃப்ரீசரில் சின்னச் சின்ன டப்பாவாகச் சாம்பார். மிளகாய் வற்றலை வாணலியில் போட்ட அடுத்த நிமிஷம் கூரையில் இருக்கிற புகை அலாரம் அலறும். இவர் கைத்தராசை வைத்துவிட்டு ஓடிவந்து துண்டை வீசுவார். அது ஓய்ந்தால் வாசலில் மணி. யார்? சின்ன பார்சல்.

சரி, மரம்.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் முயர் வுட்ஸ் என்று ஒரு காடு. ரெட்வுட் மரங்கள். உலகத்திலேயே உயரமாக வளர்கிற மரம் அந்த ஜாதிதான். வில்லியம் கென்ட் என்ற பணக்காரர் அந்த இடத்தை வாங்கி, வெட்டிவிடாமல் காப்பாற்றி, அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். 1908இல் அன்றைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தம் பெயரை வைக்காமல் இயற்கைக்காக எழுதிய ஜான் முயர் பெயரை வைக்கச் சொன்னாராம் கென்ட். அங்கே உள்ளதில் உயரமான மரம் 258 அடி. 1987இல் கட்டி முடித்த நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. யோசித்துப் பாருங்கள், கோபுரத்தைவிட இருபத்திரண்டு அடி கூடுதலாக ஒரு மரம். நான் அந்த மரத்தடியில் நின்று, தெற்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து ஆசைப்பட்டேன். குளிர், மழை, பேரனுக்குக் காய்ச்சல் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசிச் சனிக்கிழமைக்கு மகள் ஏற்பாடு செய்தாள். அங்கே சும்மா போய் வண்டியை நிறுத்த முடியாது. 2018லிருந்து நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்ய வேண்டும், சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு எங்களுக்கு. எட்டுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். தயிர்சாதம், எலுமிச்சைசாதம், தெர்மாஸில் காபி எல்லாம் தயார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ரேசிப் பெண் பேசினாள். "ஆன்ட்டி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து குடுத்துட்டு ஓடிடறேன். ரெண்டு நிமிஷம்."

ஏழு ஆயிற்று. ஏழரை. "கிளம்பிட்டோம் ஆன்ட்டி." எட்டேகால். "பாப்பா வாமிட் பண்ணிட்டா ஆன்ட்டி, கார் நிறுத்திருக்கோம்." பாப்பா வாந்தி எடுத்தால் நாம் என்ன சொல்ல முடியும்? மெதுவா வாம்மா என்றேன். ஒன்பது. "டிராஃபிக் ஆன்ட்டி." சனிக்கிழமை காலையில் என்ன டிராஃபிக் என்று மாப்பிள்ளை போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். சாலை முழுக்கப் பச்சையாக இருந்தது. நாங்கள் கிளம்பிவிட்டு, அவளை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்றார். மகள் சம்மதிக்கவில்லை, முகத்தில் அடித்தாற்போல் இருக்குமாம். எலுமிச்சைசாதம் மேஜை மேல் இருந்தது, நாங்கள் ஷூ போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தோம்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். கணவன், மனைவி, பாப்பா, பாப்பாவின் அண்ணன், ஊரிலிருந்து வந்திருந்த கணவனின் சித்தப்பா. வந்தவர்களை நிற்க வைத்தா பேசுவது? தெர்மாஸ் காபியை ஊற்றினேன். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் வேறு போட்டேன். பசங்களுக்குப் பசி என்றதும் எலுமிச்சைசாதம் இறங்கியது. பார்சலில் ஷூ, சூட்டு, மாத்திரை, இரண்டு பை பாதாம். என் வீட்டுக்காரர் அவர்கள் எதிரிலேயே கொக்கியை மாட்டித் தூக்கினார். நாலு கிலோ எண்ணூறு. அந்தப் பெண் அதைப் பார்க்காத பாவனையில் சுவரில் இருந்த கோல்டன் கேட் படத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள். "முயர் வுட்ஸ் பார்த்துட்டீங்களா ஆன்ட்டி? பார்க்காமப் போயிடாதீங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்கலன்னா வேஸ்ட்."

மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்து விட்டு ஏதோ கழுவினாள். கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

மரம் அவ்வளவுதான். செயலாளர் மன்னிக்க வேண்டும். படம் வேண்டுமானால் மாப்பிள்ளை அனுப்புவார், அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே போயிருக்கிறார்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ கவுண்டரில் நாலு பெட்டியும் 22.9, 23, 23, 22.9 என்று வந்தன. என் வீட்டுக்காரர் கவுண்டரில் இருந்த பெண்ணின் முகத்தில் ஒரு பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அவள் "பெட்டியெல்லாம் நீங்களே அடுக்கியதா, வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா" என்று கேட்டாள். இவர் நோட்டை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டார். நான் காலை மிதித்தேன்.

சிங்கப்பூரில் திருச்சி விமானத்துக்கு நிற்கிற இடத்துக்கு வந்ததும் நம் ஊர் வந்துவிட்டது. கட்டட வேலைக்குப் போன பையன்கள், ஆளுக்கு ஒரு கைப்பை, இரண்டு சட்டை மேலே ஒரு ஜாக்கெட். எனக்கு முன்னால் நின்றவன் பட்டுக்கோட்டைப் பக்கம், மூன்று வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போகிறான். மைலோ டின், கோடரித் தைலம், மகளுக்கு ஒரு பொம்மை. எல்லாம் அவன் காசில் அவன் வாங்கியது, அவனே கொடுக்கப் போவது. எனக்கு அவனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. விமானத்துக்குள் என் பையையும் அவனே மேலே தூக்கி வைத்துவிட்டு, "என்னம்மா இப்படிக் கனக்குது" என்றான். பாதாம் தம்பி என்றேன்.

திருச்சியில் எக்ஸ்ரேயில் பெட்டியைப் பார்த்த அதிகாரி திறக்கச் சொன்னார். டப்பா டப்பாவாக மாத்திரை. "என்னம்மா இவ்வளவு?" மூட்டுவலி சார் என்றேன். "எத்தனை மூட்டும்மா?" என்றார். சிரித்துவிட்டு மூடச் சொன்னார். மூடத்தான் முடியவில்லை. பெட்டி ஆ-வை இவர் ஒருவரால்தான் மூட முடியும், அதற்கு ஒரு வரிசைக்கிரமம் இருக்கிறது, நோட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ஈரோட்டு மாமியார் நேற்று நேரிலேயே வந்தார். திருச்சியில் ஒரு வளைகாப்பாம், அப்படியே வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தாராம். நல்ல மனுஷி. கூரியர் செலவு மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம். பையைப் பிரித்துக் கூடத்தில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஷூவை மாட்டிப் பார்த்தார், விரல் இடித்தது. மாத்திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். பாதாம் பைகளைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி தூக்கினார்.

"இதெதுக்குங்க அனுப்பிச்சிருக்குது அந்தப் புள்ள? எங்க வீதி முக்குலயே கெடைக்குதுங்களே. எனக்குக் கடிக்கப் பல்லும் இல்லீங்க. நீங்களே வச்சுக்குங்க."

என்று என் மடியில் வைத்துவிட்டார். இரண்டு பையையும். நான் வாயைத் திறப்பதற்குள், தாம் கொண்டுவந்த மஞ்சப்பையிலிருந்து துணியில் கட்டிய ஒரு மூட்டையை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"மஞ்சத்தூளுங்க. நம்ம தோட்டத்து மஞ்சள், வெயில்ல காய வச்சு நானே அரைச்சது. மறுக்கா நீங்க எப்பப் போனாலும் சரிங்க, அவசரமில்லீங்க. சின்னப் பொட்டணந்தானுங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். கைத்தராசோடு வந்தார். முடிச்சில் கொக்கியை மாட்டித் தூக்கி, ஆட்டம் நிற்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, "ரெண்டு கிலோ நூறு" என்றார். பிறகு நோட்டைத் திறந்து, புதுப் பக்கம் புரட்டி, மேலே 'பெட்டி அ' என்று எழுதினார்.